கொழுப்பைக் குறைப்பதா, மாற்றுவதா?

மார்பகப் புற்றுநோயைத் தள்ளிவைக்க இரண்டு உணவு வழிகள் சொல்லப்படுகின்றன.

ஒன்று, கொழுப்பையே குறைப்பது. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். மொத்தக் கலோரியில் 20% மட்டுமே கொழுப்பு என்பது இலக்கு. 1,600 கலோரி சாப்பிடுபவருக்கு அது நாளுக்கு சுமார் 36 கிராம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 14 கிராம் போய்விடும். பால், தேங்காய், கடலை எல்லாம் மிச்சத்தில் அடங்க வேண்டும். அதனால்தான் இலக்கு எட்டவில்லை: முதல் ஆண்டில் 24%, ஆறாம் ஆண்டில் 29%. 2006-இல் வந்த முடிவில், வழக்கமான உணவைத் தொடர்ந்தவர்களைவிட இவர்களிடம் நோய் 9% குறைவு; அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஏறத்தாழ 20 ஆண்டுக் கண்காணிப்பில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 21% குறைந்தது. இதை லேசில் ஒதுக்கக் கூடாது.

மற்றது, கொழுப்பின் வகையை மாற்றுவது. ஸ்பெயினில் 4,282 பெண்கள். ஒரு குழுவுக்கு வீட்டுக்கு வாரம் 1 லிட்டர் எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய். கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட குழுவைவிட இவர்களிடம் நோய் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைவு. ஆனால் மொத்தம் 35 பேருக்குத்தான் நோய் வந்தது. அதை நம்பி உறுதி சொல்ல முடியாது.

நாள்படக் கடைப்பிடிக்க முடிவது இரண்டாவது வழிதான் என்பது எங்கள் கணிப்பு. தவறு நேர்வது ஓரிடத்தில்: ஆலிவ் எண்ணெயை வெண்ணெய், வனஸ்பதிக்குப் பதிலாக ஊற்றாமல், இருப்பதன் மேல் ஊற்றுவது. எடை கூடும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. அந்த ஹார்மோனே பல மார்பகப் புற்றுக் கட்டிகளுக்குத் தீனி.