அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு: படித்து முடித்தவளின் மதிப்பீடு

படிப்புக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். படிப்பு முடிந்த பிறகு எங்களை வேலைக்கு அனுப்பி வைத்த விதத்துக்கு ஐந்துக்கு ஒன்றரைதான். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் சேரப்போகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது, அதனால் தனித்தனியாகவே எழுதுகிறேன்.

எனக்குத் தேவாரம். பிளஸ் டூ முடித்து 2022-இல் எங்கள் தேனி மாவட்டத்திலேயே ஓர் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் ட்ரேடில் சேர்ந்தேன். 2024-இல் முடித்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் எந்த ஐ.டி.ஐ. என்று எழுதவில்லை.

அம்மா கேரள மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே அந்த மலை தெரியும். சாக்குலூத்து மெட்டு வழியாக ரோடு போடுங்கள் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஊரில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ரோடு இல்லாததால் ஜீப்புகள் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் மலை ஏற வேண்டும். அதற்காக அம்மா இருட்டோடு கிளம்பிவிடுவார். எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை மேலே படிப்பதும் படிக்காததும் பாதி இந்த ஜீப் நேரத்தை வைத்துத்தான் முடிவாகிறது. அம்மா போன பிறகு சோறு வடித்து, தம்பி தங்கச்சியைப் பள்ளிக்கூடம் அனுப்புவது மூத்தவள்தானே. அப்புறம் பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில், "சும்மாதான இருக்க, நீயும் வா" என்று தோட்டத்துக்குக் கூட்டிப்போவார்கள். அந்த இரண்டு மாதத்தில் கையில் காசு பார்த்துவிட்டு, பிறகு படிக்கவே வராதவர்கள் என் வகுப்பில் மட்டும் நாலு பேர். நானும் போனேன். களையெடுத்தேன், ஏலச்செடிக்குக் கவாத்து எடுத்தேன். ஐ.டி.ஐ. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி வந்தபோது என்னை மலையிலிருந்து இழுத்து வந்து கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார வைத்தது எங்கள் சித்திதான்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் முதல் கேள்வி அதுதான். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் இலவசம். நான் சேர்ந்த வருடம் செப்டம்பரில்தான் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் எனக்கு அதில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாகக் கிடைக்கும். ஆக 1,750. "கரண்டு வேலை பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, பாஸ்புக்கில் அந்தப் பணம் ஏறத் தொடங்கியதும் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டார். பையன்களுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் என்று இதேபோல் 1,000 ரூபாய் வருகிறது.

இதில் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. என் பெரியம்மா குடும்பம் கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், இருக்கிறது. அவர் மகள் பத்தாவது வரை அங்கேயே தமிழ் மீடியத்தில் படித்தவள். மலையாளம் நன்றாகப் பேசுவாள், ஆனால் பாடமாகப் படித்து எழுதச் சொன்னால் தடுமாறுவாள். அதனால் என்னோடு தங்கி இங்கேயே ஃபிட்டர் ட்ரேடில் சேர்ந்தாள். அவளுக்கு அந்த 1,000 ரூபாய் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஒரே வீட்டில் படுத்து, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே காம்பவுண்டுக்குள் படித்த இரண்டு பேரில் ஒருத்திக்கு உண்டு, ஒருத்திக்கு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் தமிழில் படித்துவிட்டு இறங்கி வருகிற பிள்ளைகளுக்கும் இதை நீட்டிக்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். ஒரு யூனிட்டுக்கு 20 பேர், அதில் பெண்கள் மூன்று பேர். தொடக்கத்தில் கரண்டு பக்கமே விடமாட்டார்கள். இரும்புத் துண்டை வைஸில் மாட்டி ஃபைல் போட்டு, நாலு பக்கமும் மட்டமாக வரும்வரை ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளித்துவிடும். "எலக்ட்ரீஷியனுக்கு எதுக்கு சார் இது?" என்று ஒரு பையன் கேட்டான். கை நிதானம் வராதவனை மெயின் போர்டு பக்கம் விடமாட்டேன் என்றார் சார். அந்தப் பதில் சரியானது என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அப்புறம் வயர் ஜாயிண்ட்டுகள், சால்டரிங், மரப்பலகையில் வீட்டு வயரிங். மாடிப்படிக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் ஒரே பல்பு. முதல் தடவையே அது சரியாக எரிந்த அன்று நான் சாப்பிடக்கூட எழுந்து போகவில்லை. எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, எர்த் மெக்கர் என்கிற அளவுக் கருவி வைத்து அளந்து பார்த்தோம். இரண்டாம் வருடம் மோட்டார் வைண்டிங், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பழைய கம்பியை உருவி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கனக் கம்பியை வாங்கித் திரும்பச் சுற்ற வேண்டும். சுற்று குறைந்தால் மோட்டார் சூடாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வருடம் ஒரு நாள் சாயங்காலம் அம்மா போன் போட்டார். ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரில் புளோயர் மோட்டார் உறுமுகிறதாம், சுற்றவில்லையாம். பறித்த காய் அப்படியே கிடந்தால் நிறம் போய்விடும், விலையும் போய்விடும். "உடனே ஆஃப் பண்ணச் சொல்லுங்கம்மா, ஒரு ஃபேஸ் போயிருக்கும், ஃபியூஸ் மூணையும் பாக்கச் சொல்லுங்க" என்றேன். அதில் ஒரு ஃபியூஸ் போயிருந்தது. மாற்றியதும் ஓடிவிட்டது. அம்மா இதை ஜீப்பில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடச் சேர்க்கையில் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் வந்ததற்கு அந்த ஜீப் பேச்சுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அரை மார்க் குறைத்தது எதற்கென்றால், பெண்களுக்கு இருந்தது ஒரே கழிப்பறை, அதிலும் பல நாள் தண்ணீர் வராது. பெண்கள் கொஞ்சப் பேர்தானே என்று விட்டுவிட்டார்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்புகிற பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. மெக்கரும் ஒன்றுதான், வரிசையில் நின்றுதான் தொட முடியும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து புது மெஷின்கள் இறக்கியிருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் அதையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இனி அந்த ஒன்றரை மார்க்.

கடைசித் தேர்வுக்கு முன்னால் ஓசூர்ப் பக்கத்து ஒரு கம்பெனிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்தார்கள். அப்ரண்டிஸ், அதாவது தொழில் பழகுநர், என்றுதான் சொன்னார்கள். ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் உண்டு என்றார்கள். ஆறு பேர் ஒன்றாகப் போனோம். அங்கே எங்களை நிறுத்தியது அசெம்பிளி லைனில். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு ஒரே ஸ்குரூவைத் திருகுவதுதான் வேலை. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போக மீதிதான் கைக்கு வந்தது. நாலாவது மாதம், என் அப்ரண்டிஸ் ஒப்பந்த எண் என்ன என்று கேட்டேன். அப்படி ஒன்று போடவேயில்லை. நாங்கள் வெறும் ட்ரெய்னிகள். ஆறு பேரும் திரும்பி வந்தோம். அந்த நாலு மாதத்துக்கு எங்களிடம் ஒரு சான்றிதழும் இல்லை. வந்தவர்களில் இரண்டு பேர் இப்போது ஜீப்பில் மலைக்குப் போகிறார்கள். அவர்கள் என்னைவிட நன்றாக வைண்டிங் போடுவார்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எங்களை அனுப்பி வைக்குமுன் ஐ.டி.ஐ.யில் யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் போதும். அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும், அதில் உங்கள் ட்ரேடு பெயர் இருக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று 2019-இல் விதி போட்டார்கள். முடித்துத் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்காமல் பஸ் ஏறாதீர்கள். பெட்டியைக் கட்டுமுன் அதை போனில் அனுப்பச் சொல்லி, ஐ.டி.ஐ. சாரிடம் காட்டிக் கேளுங்கள்.

நான் திரும்பி வந்து நாலு வாரம் வீட்டில் இருந்தேன். அப்புறம் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் நடத்திய அப்ரண்டிஸ் முகாமுக்குப் போனேன். அங்கிருந்த ஒரு மேடம், விண்ணப்பத்தை என் போனிலேயே நிரப்ப வைத்தார். மதுரையில் முறையான ஒப்பந்தத்தோடு இடம் கிடைத்தது. ஒரு வருடம் பேனல் போர்டும் மோட்டாரும்தான் வேலை, நான் படித்தது அங்கே கைக்கு வந்தது. போடிக்கு 2023 ஜூனில் ரயில் திரும்ப வந்துவிட்டதால் சனிக்கிழமை ஊருக்கு வந்து போவதும் சிரமமாயில்லை. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். இந்த வருடம் அதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.

பக்கத்து வீட்டு மதினி மகளை ஐ.டி.ஐ.யில் சேர்க்க நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். பத்தாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், பாங்க் பாஸ்புக் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மதினிக்கும் எலக்ட்ரீஷியன் படிக்க ஆசை. பெண்களுக்கு ஐ.டி.ஐ.யில் சேர வயது வரம்பு கிடையாது என்று சொன்னேன். "நான் போனா சோறு யாரு ஆக்குறது?" என்று கேட்டார். மகள் எலக்ட்ரீஷியனா ஃபிட்டரா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு ஒர்க்‌ஷாப்பையும் காட்டிவிட்டு அவளையே கேட்கலாம் என்றிருக்கிறேன்.