4 வருடம், 9,000 கிலோமீட்டர்: கால்வாய்க் கரையில் என் கிராவல் சைக்கிள்

மேடு கிடையாது, வண்டி கிடையாது, சிக்னல் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரம். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்துத்தான் நானும் கிராவல் சைக்கிளில், அதாவது சரளைப் பாதைக்கென்று செய்த அகல டயர் சைக்கிளில், ஆரம்பித்தேன். முதல் நீண்ட பயணம் 70 கிலோமீட்டர். அதே தூரத்தை மலைச்சாலையில் ஓட்டிப் பழகியவன் நான். ஆனால் அன்று இறங்கியபோது சரியாக உட்காரவும் முடியவில்லை, வலது கையின் கடைசி இரண்டு விரல்களில் உணர்ச்சியும் இல்லை.

காரணம் புரியக் கொஞ்ச நாள் ஆனது. மலைச்சாலையில் ஏறும்போது எழுந்து நின்று மிதிப்போம், இறங்கும்போது காலுக்கு ஓய்வு கொடுப்போம். உடம்பு தன்னையறியாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கால்வாய்க் கரையில் இறக்கமே இல்லை. மிதிப்பதை நிறுத்தினால், சரளை பத்திருபது மீட்டரில் வண்டியை இழுத்துப் பிடித்துவிடும். நான்கு மணி நேரம் ஓட்டினால், அந்த நான்கு மணி நேரமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரி மிதிக்க வேண்டியதுதான்.

இந்தச் சமதளம் தற்செயலாக வந்தது இல்லை. படகில் கயிறு கட்டிக் குதிரை இழுத்துப் போவதற்காகப் போட்ட பாதை இது. ஒரே குதிரை பல டன் சரக்கை இழுக்க வேண்டுமானால் தண்ணீரும் மட்டமாக இருக்க வேண்டும், கரையும் மட்டமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் செசபீக் - ஒஹாயோ கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனிலிருந்து கம்பர்லேண்ட் வரை சுமார் 297 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் சேர்த்து மொத்த ஏற்றம் 184 மீட்டர்தான். அதையும் 74 லாக்குகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. படகை உள்ளே விட்டு, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். சைக்கிள்காரனுக்கு ஒரு லாக் என்றால் இரண்டரை மீட்டர் உயரச் சின்னச் சரிவு, அவ்வளவுதான். அந்தக் கால்வாயின் மேல் சாலை போடலாம் என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. அதை எதிர்த்து 1954-இல் வில்லியம் டக்ளஸ் என்ற உச்ச நீதிமன்ற நீதிபதி கரை நெடுக நடந்தே போனார். 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இல்லாவிட்டால் இன்று அங்கே கார்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, என் வலிக்கு வருகிறேன். மெத்தென்ற சீட் வாங்கிப் பார்த்தேன், இன்னும் மோசமானது. இடுப்பெலும்பின் அகலத்துக்குப் பொருந்துகிற கெட்டியான சீட்தான் கைகொடுத்தது. ஹேண்டில்பாரை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி, அதன் பிடியில் சுற்றும் டேப்பை இரண்டு சுற்றாகச் சுற்றினேன். எல்லாவற்றையும்விட உதவியது ஒரு பழக்கம். லாக் வந்தால், பாலம் வந்தால், தேவையோ இல்லையோ, கியரைக் கூட்டிவிட்டு எழுந்து நின்று பத்து மிதி. விரல் மரத்துப்போவது அதோடு நின்றது.

டயர் விஷயத்தில் நான் முழு முட்டாளாக இருந்தேன். தரை மட்டமாக இருக்கிறதே என்று 35 மில்லிமீட்டர் டயரில் 60 பிஎஸ்ஐ காற்று அடித்து ஓட்டினேன். பார்க்க வழவழவென்று இருக்கும் சரளையில்தான் சின்னச் சின்ன அதிர்வு நிற்காமல் வரும். மரவேர்கள் வேறு பாதையைத் தூக்கி விட்டிருக்கும். இப்போது 45 மில்லிமீட்டர், உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ். முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ. என் எடை 72 கிலோ. உங்கள் எடைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குச் சமமாக வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

ட்யூப்லெஸ்ஸுக்கு மாற வைத்தது முள். கரையோர வேலிச் செடிகளை வெட்டிவிடும் நாட்களில் பாதை முழுக்க முள் சிதறிக் கிடக்கும். ஒரே நாளில் மூன்று பஞ்சர். மூன்றாவதுக்கு ஒட்டும் இல்லை, ட்யூபும் இல்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். இப்போது முள் குத்தினால் டயருக்குள் இருக்கும் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், பால் மாதிரி பீய்ச்சி அடிக்கும். சக்கரத்தைச் சுற்றி ஓட்டை கீழே வரும்படி நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்தால் அடைபட்டுவிடும். முள்ளை உடனே பிடுங்காதீர்கள், பாதி நேரம் அதுவே அடைப்பாக இருக்கும். மூன்று மாதத்துக்கொரு முறை சீலன்ட் ஊற்ற வேண்டும், ஊற்றும்போது கையெல்லாம் பிசுபிசுக்கும். அதைத் தவிர குறையில்லை.

மழை பெய்தால் கதையே வேறு. சுண்ணாம்புக்கல் தூள் போட்டு இறுக்கிய பாதை காய்ந்திருக்கும்போது அருமையாக இருக்கும். நனைந்தால் சாம்பல் நிறப் பசையாகிச் செயினில் ஏறிவிடும். எண்ணெய் போட்ட செயினில் அது உப்புத்தாள் போல வேலை செய்யும். என் முதல் செயின் 1,800 கிலோமீட்டரில் போய்விட்டது. மெழுகுக்கு மாறிய பிறகு இரண்டு மடங்குக்கு மேல் தாங்குகிறது. பிரேக் பேட் மட்டும் தேயவே தேயாது. நான்கு வருடத்தில் ஒரு தடவைதான் மாற்றினேன்.

வேகத்தை எதிர்பார்த்து வராதீர்கள். என் சராசரி மணிக்கு 16 கிலோமீட்டர். நடப்பவர்கள், நாய்கள், வழியை மறித்து நிற்கும் வாத்துக் குடும்பங்கள் எல்லோருக்கும் இது பொதுப் பாதை. பெல்லை இருபது மீட்டருக்கு முன்னாலேயே ஒரே ஒரு முறை அடிப்பேன். முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் ஆள் பதறி நம் பக்கமே திரும்புவார். தூண்டில்காரர்கள் தனி ரகம். சிலருடைய கம்பு பாதையைக் குறுக்கே தாண்டிப் புதருக்குள் போயிருக்கும். அவர் அதை முழம் முழமாக இழுத்து எடுக்கும்வரை காலை ஊன்றி நிற்க வேண்டியதுதான். மேலே ஏற்றினால் கார்பன் கம்பு நொறுங்கிவிடும்.

பழைய பாலங்களின் அடியில் பாதை ஒரு ஆள் அகலத்துக்குச் சுருங்கும், எதிரே வருபவர் தெரிய மாட்டார். அங்கே நான் இறங்கியே விடுவேன். அப்படி இறங்கிய ஒரு நாள்தான் அந்தத் தடத்தைப் பார்த்தேன். பாலத்தின் மூலைக்கல்லில் வரிவரியாகப் பள்ளம், என் சுண்டுவிரல் முழுதும் உள்ளே போனது. மணல் ஒட்டிய ஈரக் கயிறு பல வருடம் உரசி உரசிக் கல்லை அறுத்திருக்கிறது. கயிறு தேயும் என்று தெரியும், கல் இப்படித் தேயும் என்று நினைத்ததில்லை.

ஒரு தடவை தண்ணீருக்குள்ளும் போயிருக்கிறேன். வளைவில் ஈர இலை, முன்சக்கரம் வழுக்கியது, ஷூ பெடலில் பூட்டியிருந்ததால் கால் வரவில்லை. தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் கரை செங்குத்தான கல்சுவர், பிடித்து ஏற ஒன்றும் கிடையாது. சைக்கிளைத் தூக்கி மேலே வைப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. போன் போனது போனதுதான். அன்றிலிருந்து தட்டைப் பெடல். நான் ஓட்டுவதும் தண்ணீர் ஓரமாக இல்லை, ஓர் அடி உள்ளே தள்ளி.

சலிக்காதா என்று கேட்பார்கள். சலிக்கும். நேராக வெட்டிய கால்வாயில் எதிர்க்காற்று அடித்தால் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலம் கிட்டவே வராது. எனக்குப் பிடித்தவை மலையடிவாரத்தைச் சுற்றிச் சுற்றிப் போகும் பழைய கால்வாய்கள். லாக் கட்டும் செலவைத் தவிர்க்க ஒரே மட்டத்தில் வளைத்துக்கொண்டே போயிருப்பார்கள். கிட்டத்தில் தெரியும் கோபுரம் அரை மணி நேரம் கழித்தும் அதே தூரத்தில், ஆனால் வேறு பக்கத்தில் நிற்கும்.

மறுபடி வாங்குவதாக இருந்தால் 50 மில்லிமீட்டர் டயர் நுழையும் ஃப்ரேம் பார்ப்பேன். மட்கார்டு மாட்டத் துளை இருக்கிறதா என்றும் பார்ப்பேன். இப்போதைய வண்டியில் அது இல்லை, நான்கு வருடமாக முதுகில் சேறு. பழைய வண்டியிலிருந்து பித்தளைப் பெல்லை மட்டும் கழற்றி மாட்டிக்கொள்வேன்.