அறுபதுக்கு மேல்: வாக்கிங்கா, வெயிட்டா?

நான் இரண்டையும் செய்கிறேன். ஆனால் நேரமில்லாத நாளில் வாக்கிங்கைத்தான் விடுவேன்.

வாக்கிங்கின் அருமை தெரியாதவர் யார்? இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, காசு செலவில்லை, நாலு பேரோடு பேசலாம். தனியாக இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சே பாதி மருந்து. மூளைக்கும் பலன் உண்டு. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. மறதிதான் முதல் கவலை என்றால் வாக்கிங்கையே முன்னால் வையுங்கள்.

என்னை வெயிட் பக்கம் சாய்த்தது ஒரே கேள்வி: கை ஊன்றாமல் எழ முடிகிறதா? பந்தியில் தரையில் உட்கார்ந்து எழுவது, டாய்லெட்டில் எழுவது, பஸ்ஸின் முதல் படியில் ஏறுவது, இடறினால் சட்டென்று காலை எட்டிப் போட்டு நிற்பது எல்லாமே தொடையும் இடுப்பும் செய்கிற வேலை. வயதாக ஆக, வேகமாக இயங்கும் தசையிழைகள்தான் அதிகம் மெலிகின்றன. சமதரையில் நடந்தால் அவற்றுக்குப் போதிய வேலை கிடைப்பதில்லை, சுமை வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர்கள்கூடத் தாழ்வான சோபாவிலிருந்து எழக் கைப்பிடியைத் தேடுவதைப் பார்க்கிறேன்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12-க்கும் பெண்களுக்கு 11-க்கும் குறைந்தால், கீழே விழும் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எடைப்பயிற்சி என்றதும் ஜிம் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. நான் அதே நாற்காலியில் எழுந்து உட்காருகிறேன். சுலபமாகிவிட்டால் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மார்போடு அணைத்துக்கொள்கிறேன். அப்புறம் சுவரில் கை வைத்துத் தண்டால், குதிகால் தூக்கல். எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்.

எனக்கு மூட்டுத் தொந்தரவு இல்லை. அதனால் முட்டி மாற்று அறுவை செய்தவர்களுக்கும் எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் என் அனுபவம் பொருந்தாது. அவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குவதே சரி.