பெரியமேட்டுத் தோலும் என் கருவிப் பெட்டியும்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

தோல் வேலையைப் பொழுதுபோக்காகக் கற்க சென்னையை விட வசதியான ஊர் கிடையாது என்பார்கள். சென்ட்ரலில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் பெரியமேடு. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ரயிலேறினால் ஆம்பூர், வாணியம்பாடி. எல்லாம் சரிதான். ஆனால் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள உட்காருபவருக்கு இந்த ஊர் முதலில் கொடுப்பது குழப்பத்தைத்தான். வீடியோவில் வெள்ளைக்காரரோ ஜப்பான்காரரோ கையில் வைத்திருக்கும் தோல் வேறு, நம் கடைகளில் மலைபோல் அடுக்கியிருக்கும் தோல் வேறு. இது பிடிபடாமல், நல்ல கருவியைக் குறை சொல்லி மூலையில் போட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அதனால் கருவிக்கு முன்னால் தோலைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி குரோம் பதனீட்டுத் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. ஷூவின் மேல்பாகத்துக்கும் கைப்பைக்கும் போகிற சரக்கு. மிருதுவாக இருக்கும், தண்ணீர் பட்டாலும் பெரிதாகக் கெடாது, வண்ணமும் விதவிதமாக உண்டு. வீடியோக்காரர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது மரப்பட்டையில் ஊறிய தோல், அவர்கள் பாஷையில் வெஜ் டேன். விளிம்பை ஈரப்படுத்தித் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னுவதும், ஈரத் தோலில் அச்சு அடித்தால் பூ அப்படியே நிற்பதும் அந்தத் தோலில்தான். குரோம் தோலில் விளிம்பை விடிய விடியத் தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகத்தான் நிற்கும். அதற்குத் தேய்க்கும் கட்டையைத் திட்டிப் பயனில்லை.

எது எது என்று கடைக்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு விரல் அகலத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். முழுதாகக் குரோமில் பதனிட்டது ஏறக்குறைய அப்படியே கிடக்கும். பட்டையில் பதனிட்டது சுருண்டு, சுருங்கி, விறைத்துவிடும். இந்தச் சோதனைக்குச் சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், வீட்டில் பேச்சு வாங்க வேண்டிவரும்.

பெரியமேட்டில் நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு பெரியவர் இருக்கிறார். “பாய், வெஜ் டேன் இருக்கா?” என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஈ.ஐ. கேக்குறீங்களா தம்பி? அப்படிச் சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து ஒரு சுருளை எடுத்துவரச் சொன்னார். ஈஸ்ட் இந்தியா தோல் என்பதைத்தான் ஈ.ஐ. என்கிறார்கள். ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட நம் ஊர்த் தோல், அந்தக் காலத்தில் மெட்ராஸ் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய சரக்கு. பின்னாளில் ஆவாரம் இடத்தை வாட்டில் பட்டை பிடித்துக்கொண்டது. கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டி நிறத்தைத் தெளியவைப்பார்கள். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் இந்தத் தொழில் பெரிதாக நடந்தது. இப்போது புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் இதைத் தேடி வருகிற பொழுதுபோக்குக்காரர்கள் குறைவு. பெரியவர் தோலின் முதுகுப் பக்கத்தை மடித்துக் காட்டினார், பிறகு வயிற்றுப் பக்கத்தை. வயிற்றுப் பக்கம் விரலுக்கடியில் இழுபட்டு, மேற்பரப்பில் தளர்ந்த சுருக்கம் விழுந்தது. மறுபடி முதுகைத் தொட்டு, “பர்ஸுக்கு இங்கேயிருந்து வெட்டுங்க. வயிறு பழகுறதுக்கு” என்றார். எந்த வீடியோவும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொல்லவில்லை.

ஈ.ஐ. தோலில் எனக்குக் குறையும் உண்டு. எண்ணெய் ஏற்றியிருப்பதால் கொஞ்சம் தளர்வு. பர்ஸ், கார்டு உறை, நோட்டு உறைக்கு அருமை. பெல்ட்டுக்குப் போதாது. கெட்டியான 3 மி.மீ. தோல் வேண்டுமானால் சேணத்துக்குப் பேர்போன கான்பூர்ப் பக்கத்துச் சரக்கைத்தான் தேடுகிறேன். அளவு பற்றி ஒரு வார்த்தை: வெளிநாட்டுக்காரர்கள் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் சுமார் 0.4 மி.மீ. நம் கடையில் மி.மீ. கணக்கு, விலை சதுர அடிக்கு. முழுத் தோலாகவே எடுக்கச் சொல்வார்கள், பரப்பளவு உட்புறத்தில் குறித்திருக்கும். துண்டு துக்காணி கிலோ கணக்கில் கிடைக்கும், பழகுவதற்கு அதுவே போதும்.

இனி கருவிகள். அக்கா மகன் பிறந்தநாளுக்கு இணையத்தில் ஒரு கிட் வாங்கிக் கொடுத்தான். பெட்டி நிறைய சாமான், எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை, இந்த வகை கிட் எல்லாமே அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகத்தான் இருக்கின்றன. வருடக்கணக்கில் பயன்படுத்திய பின் அதில் இன்றும் என் மேசையில் இருப்பவை: எலும்பு மடிப்பான், பொத்தான் அடிக்கும் கம்பிகள், கோடு இழுக்கும் டிவைடர். கத்தி, விளிம்பு சீவும் பெவலர், ஊசி, நூல் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியேறிவிட்டன. கூர்மை வேண்டிய எதுவும் கிட்டில் தேறாது என்பது என் தீர்ப்பு. கூர்மை வேண்டாதவை எல்லாம் தேறும்.

கத்திக்கு முதல் வருடத்தில் பெரிய செலவு தேவையே இல்லை. அலகை உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் ஓல்ஃபா கட்டர் ஒன்றும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். அந்தக் கட்டரே தோல்காரர்களின் வழக்கத்திலிருந்து வந்ததுதான். செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடிச் சில்லை மழுங்க மழுங்க உடைத்துப் புதுக்கூர் எடுத்ததும், சாக்லேட் கட்டியின் கோடுகளும்தான் 1956-இல் ஜப்பானில் அதை உருவாக்கியவருக்கு யோசனை கொடுத்தன என்று சொல்வார்கள். ஒரே குறை, அலகு மெல்லியது. கெட்டித் தோலில் வளைந்து, வெட்டு சாய்வாக விழும். அப்போது அழுத்தி ஒரே மூச்சில் வெட்டாமல், இரண்டு மூன்று இழுப்பாக வெட்டுங்கள்.

தோலைச் சீவி மெல்லிசாக்க, அதாவது ஸ்கைவிங் செய்ய, கட்டர் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த ஜப்பானியச் சீவு கத்தி வாங்கினேன். இன்றுவரை நான் போட்ட பணத்தில் நியாயமான செலவு அது. ஆனால் கத்தியை விட அதற்குத் துணையாக இருக்கும் ஸ்ட்ராப்தான் முக்கியம். ஒரு பலகையில் தோல் துண்டை ஒட்டி, குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சைக் கட்டியைத் தடவி, வேலைக்கு முன்னும் நடுவிலும் கத்தியைப் பின்னோக்கி இழுத்துவிட வேண்டும். ஸ்ட்ராப் இல்லாத நூறு ரூபாய்க் கத்தியும் ஐயாயிரம் ரூபாய்க் கத்தியும் ஒரு வாரத்தில் ஒரே இடத்துக்கு வந்துவிடும். கீழே வைக்க கிரானைட் கடையில் வீணாய்க் கிடக்கும் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்து துளை. இதில்தான் பொழுதுபோக்குக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இரண்டு வகை உண்டு, இரண்டுமே முள்கரண்டி மாதிரிப் பல முள் கொண்ட, தட்டி இறக்கும் இரும்புக் கருவிகள். பிரிக்கிங் அயர்ன் தோலில் அடையாளம் மட்டும் பதிக்கும், அதன்பின் குத்தூசியால் ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டும். ஸ்டிச்சிங் சிசல் ஒரே அடியில் துளைத்துவிடும். பாரம்பரியம் என்று பார்த்தால் முதலாவதுதான். தொடங்குபவருக்கு என் பரிந்துரை இரண்டாவது, 4 மி.மீ. இடைவெளி, சாய்சதுர முள். 3 மி.மீ. பார்க்க அழகு, கை பழகும்வரை எரிச்சல்.

மலிவு சிசல்களில் என்ன பிரச்சினை என்று விரலால் தடவினாலே தெரியும். முள்ளின் பக்கங்கள் சொரசொரப்பாக இருக்கும். அடித்தால் இறங்கும், பிடுங்கினால் வராது, ஆட்டி ஆட்டிப் பிடுங்கும்போது துளை அகன்று, மேல்தோல் கிளம்பும். நம் ஊரில் கிடைக்கும் மெழுகு ஏற்றிய குரோம் தோலில் இது இன்னும் மோசம், முள்ளைக் கவ்விக்கொள்ளும். சிசலை உடனே தூக்கிப்போட வேண்டாம். 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளை நூல் அகலத்துக்குக் கிழித்து, முட்களுக்கு நடுவில் விட்டு இழுங்கள். அப்புறம் பச்சைக் கட்டி தடவிய நூலால் அதேபோல். ஒரு சாயங்காலம் போகும், சிசல் வேறு சாமானாகிவிடும். அடிக்கும்போது ஒவ்வொரு முறையும் முள்ளைத் தேன்மெழுகில் ஒரு குத்து குத்திக்கொள்ளுங்கள். கீழே மரப்பலகை வைத்தால் முள் மரத்தில் மாட்டும், கல் வைத்தால் முனை போகும். ஷூ சாமான் கடையில் கிடைக்கும் கெட்டி ரப்பர் ஷீட்டை வைத்தேன், சத்தமும் குறைந்தது. இரும்புச் சுத்தியல் கூடவே கூடாது. தச்சர் வைத்திருக்கும் கொட்டாப்புளியே போதும்.

ஊசி, நூல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு ஊசித் தையலில், ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரு பக்கத்திலிருந்தும் விடுகிறோம். ஊசி முனை கூராக இருந்தால் முதல் நூலைக் குத்திக் கிழித்துக்கொண்டு போகும். அதனால்தான் சேண ஊசிகள் மொட்டையாக இருக்கும். ஜான் ஜேம்ஸ் ஊசி வாங்கினேன், நன்றாக உழைக்கிறது. கிடைக்காவிட்டால் சாதாரண ஊசியின் முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிக்கொள்ளலாம். நூல், தைக்கும் நீளத்தைப் போல் சுமார் நான்கு மடங்கு. லினன் நூல் பார்க்க அழகுதான், ஆனால் பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்து மெட்ராஸ் வெயிலில் பஸ் ஏறுபவருக்கு அது ஆகாது. வியர்வையில் இழை பிரிகிறது. ரிட்சா டைகர் என்ற பின்னல் பாலியஸ்டர் நூலில் தைத்தவை எல்லாம் இன்னும் அசையவில்லை. 4 மி.மீ. துளை இடைவெளிக்கு 0.8 மி.மீ. நூல், 3 மி.மீ. இடைவெளிக்கு 0.6. முடிவில் முடிச்சுப் போடாமல் இரண்டு தையல் பின்னோக்கி வந்து, வெட்டி, லைட்டரால் லேசாகச் சுட்டு அழுத்திவிட்டால் போதும்.

தையல் சாய்வாக ஒரே சீராக விழுவது கருவியால் வருவதில்லை. எந்த ஊசி முதலில், இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு மேலேயா கீழேயா, இழுக்கும்போது எந்தக் கை மேலே என்ற வரிசை கடைசித் தையல்வரை மாறாமலிருந்தால் தானாக வரும். இதற்காக விலையுயர்ந்த சிசலுக்குப் போகாதீர்கள்.

விளிம்பு வேலைக்குப் பட்டைத் தோலில் என் வரிசை இது: ஒட்டிய அடுக்குகளை ஒன்றுபோல் வெட்டி, 220 உப்புத்தாளில் தேய்த்து, பெவலரால் முனை எடுத்து, 600-இல் மறுபடி தேய்த்து, டோக்கோனோல் என்ற விளிம்பு மெருகுப் பசையைக் கொஞ்சம் தடவி, பழைய ஜீன்ஸ் துணியால் சூடு வரும்வரை தேய்ப்பது. முதலில் வழுக்கும், பிறகு துணி ஒட்டிப் பிடிக்கும், அதன்பின் திடீரென்று சறுக்கத் தொடங்கும். அங்கே நிறுத்திவிடலாம். குரோம் தோலுக்கு இந்த வேலையை எல்லாம் விட்டுவிட்டு எட்ஜ் பெயிண்ட் பூசுங்கள், அல்லது விளிம்பை உள்ளே மடித்துத் தையுங்கள். பெயிண்ட் பூசிய பர்ஸ்களில் மடிப்பு வரும் இடம் நாளடைவில் வெடிக்கிறது. மடித்துத் தைத்தவை அப்படியே இருக்கின்றன.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998. இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்தபின் சேர்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பட்டைத் தோலில் இன்னொரு எச்சரிக்கை. ஈரமான தோலில் இரும்பு பட்டால் கருநீலப் புள்ளி விழும், போகவே போகாது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய ஊர்க்காரர்கள் நாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வேண்டுமென்றே கருப்பாக்க நினைத்தால் வினிகரில் துரு ஆணி ஊறிய தண்ணீரைத் தடவினால் போதும், சாயமே வேண்டாம். ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சைக்கும் இந்தத் தோல்தான் முதல் இரை. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல் பழைய வேட்டியில் சுற்றி, காற்றுப்படும் இடத்தில் வைக்கிறேன். பித்தளைப் பொத்தானில் பச்சை படிவதை மட்டும் தடுக்க முடியவில்லை, துடைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் ஐயா என் சீவு கத்தியை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சோதித்துவிட்டு, “நல்லா இருக்கு, ஆனா கைப்பிடி பெரிசு” என்றார். அவருடையது தேய்ந்து பாதியாகிப்போன இரும்புப் பட்டை, துணி சுற்றிய பிடி. கொக்கி ஊசியால் அவர் ஒரு செருப்பு வாரைத் தைத்து முடிக்கும் நேரத்தில் நான் ஊசியில் நூல் கோத்து முடித்திருப்பேன். பரம்பரையாக இந்த வேலையைச் செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில், நாங்கள் அதே வேலையைச் செய்து கைவினை என்று படம் போடுகிறோம். இது உறுத்தாமல் தோல் வேலை பற்றி எழுத எனக்கு வரவில்லை. கத்தி தீட்டுவதில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் உட்கார்ந்து பார்த்ததுதான், அதற்கு அவர் காசு வாங்க மறுத்தார். வீட்டுச் செருப்புகள் எல்லாம் அவரிடம்தான் போகின்றன.

வாங்க நினைத்து ஒத்திப்போட்டுக்கொண்டே வருவது சீவும் மெஷின் ஒன்றை. விலையும் அதிகம், அடுக்குமாடியில் அதன் சத்தமும் ஒத்துவராது. பெரியமேட்டிலேயே மெஷினில் சீவிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தோல் வாங்கும்போதே கனத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒரு டீ குடித்து வருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.