கொழுப்பு காட்டும் எடை மெஷின்: நான்கு மாதம் ஏறி இறங்கிய கதை

1,899 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலையில் கிடைப்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே ரகம்தான். கண்ணாடித் தட்டு, அதில் நான்கு உலோகப் பட்டைகள், வெறுங்காலோடு ஏறி நின்றால் போனில் எடை, கொழுப்பு, தசை, நீர், எலும்பு, ‘உடலின் வயது’ என்றொரு கூத்து, அப்புறம் பிஎம்ஆர் என்று வரிசையாக எண்கள் வந்து விழும். நான் வாங்கியதே அந்தக் கடைசி எண்ணுக்காகத்தான். பிஎம்ஆர் என்றால் சும்மா படுத்துக் கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஓடுவதற்கு உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிக்கும் கலோரி. நாள் முழுக்க நாற்காலியைத் தேய்க்கும் என்னைப் போன்ற ஆளுக்கு மொத்தச் செலவில் பெரும்பங்கு அதுதான். வேலூர் சத்துவாச்சாரியில் நான் போன ஜிம்மில் கோச் வேறு, “தசையை ஏத்துங்க சார், தூங்கும்போதே கொழுப்பு கரையும்” என்று தினமும் ஓதிக்கொண்டிருந்தார்.

எடையில் குறை சொல்ல முடியாது. 5 கிலோ அரிசிப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினேன், சரியாக 5 கூடியது. டைல்ஸ் சமமில்லாத இடத்தில் வைத்தால் மட்டும் தகராறு செய்யும்.

மற்ற எண்களுக்கு வருவோம். எனக்கு 41 வயது, 168 செ.மீ., 74 கிலோ. முதல் நாள் காலை கொழுப்பு 29 சதவீதம், பிஎம்ஆர் 1505. அன்று சாயங்காலம் அதே 74 கிலோவில் கொழுப்பு 26, பிஎம்ஆர் 1553! நடுவில் நான் செய்த ஒரே வீரச்செயல் மச்சினனைக் காட்பாடி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தது. அதற்குள் 2.2 கிலோ கொழுப்பு கரைந்துவிட்டதாம்.

காரணம் எளிது. ஒரு காலில் துளி மின்சாரம் ஏற்றி மறு காலில் எடுக்கிறது. நீர் அதிகமுள்ள தசையில் அது சுலபமாகப் போகும், கொழுப்பில் தடுமாறும், அந்தத் தடையை வைத்துத்தான் கணக்கு. நாளெல்லாம் நின்று நடந்தால் நீர் கால்களுக்கு இறங்கிவிடும், தடை குறையும், நாம் காகிதத்தில் இளைத்துவிடுவோம். மின்சாரம் போவதே இரண்டு கால்கள் வழியாகத்தான் என்பதால், இடுப்புக்கு மேலே இருக்கும் என் தொப்பையை அது பார்க்கவே இல்லை, ஊகிக்கிறது.

சரி, பிஎம்ஆர் எங்கிருந்து வருகிறது? மளிகை பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். கொழுப்பைக் கழித்தால் எனக்கு மிச்சம் 52.54 கிலோ. அதை 21.6-ஆல் பெருக்கி 370 கூட்டினால் 1505. கட்ச்–மெக்கார்டில் என்று பாடப்புத்தகங்களில் வரும் அதே சூத்திரம்! சந்தேகம் தீர ஆப்பில் என் வயதை 31 என்று மாற்றிவிட்டு மறுபடி ஏறினேன். கொழுப்பு 27, பிஎம்ஆர் 1537. ஒரு விரல் தட்டலில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு போச்சு. ஆக இது நம் செலவை அளக்கவில்லை, ஊகத்தின் மேல் ஒரு பெருக்கல் போடுகிறது. உண்மையில் அளப்பதென்றால் வெறும் வயிற்றில் படுக்கவைத்து, தலைக்கு மேல் கூடுபோல ஒன்றைக் கவிழ்த்து, எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்காக சூத்திரம் வெறும் பொய் என்றும் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் நெடுநாள் சண்டை ஒன்று இதனால்தான் தீர்ந்தது. “ஏங்க, உங்களவிட நான் கம்மியாத்தானே சாப்பிடறேன், எனக்கு மட்டும் ஏன் குறைய மாட்டேங்குது?” என்பாள் மனைவி. அவளுக்கு 62 கிலோ, கொழுப்பு 38 சதவீதம், கொழுப்பில்லாத எடை 38.4 கிலோ, பிஎம்ஆர் 1200. எனக்கும் அவளுக்கும் 300 கலோரி வித்தியாசம். எண்கள் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் திசை சரிதான்: கொழுப்பில்லாத எடை குறைவு, அதனால் செலவும் குறைவு. மெட்டபாலிசம் மந்தம், தைராய்டாக இருக்குமோ என்றெல்லாம் பயந்துகொண்டிருந்தாள். பிஎம்ஆருக்கு இன்னொரு சூத்திரமும் உண்டு: கொழுப்பைப் பார்க்காமல் எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை மட்டும் வைத்துப் போடும் மிஃப்ளின் சூத்திரத்தில் (1990-இல் வந்தது) எனக்கு 1590 வருகிறது. ஒரே எடையுள்ள வெள்ளைக்காரரைவிட நம்மவருக்குக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது வழக்கம் என்பதால், எனக்கு 1505-தான் கிட்டத்தில் என்று தோன்றுகிறது.

கோச்சின் மந்திரத்தைத்தான் ஏற்க முடியவில்லை. ஓய்வில் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி, ஒரு கிலோ கொழுப்பு சுமார் 4.5. ஆனால் இதயமும் சிறுநீரகமும் கிலோவுக்கு 440, மூளை 240, ஈரல் 200. எடையில் இருபதில் ஒரு பங்கு இருக்கும் இந்த உறுப்புகள்தான் ஓய்வுச் செலவில் பாதிக்கு மேல் விழுங்குகின்றன. இரண்டு கிலோ கொழுப்பு போய் இரண்டு கிலோ தசை வந்தால் லாபம் 17 கலோரி, அரை இட்லி கூடத் தேறாது! சூத்திரத்தில் மட்டும் கிலோவுக்கு 21.6 வருவது ஏனென்றால், கொழுப்பு போக மிச்சம் என்பதில் ஈரலும் மூளையும் சேர்ந்தே இருக்கின்றன. டம்பெல் தூக்கி ஈரலை வளர்க்க முடியாது. (தசைக்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு, சர்க்கரையை உள்வாங்குவது உட்பட. நான் இன்னும் தூக்குகிறேன், வேறு ஜிம்மில்.)

‘உடலின் வயது 52’ என்று காட்டிய அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஆனால் 2021-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், கொழுப்பில்லாத எடையைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வயதுவரை செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று வந்தது. ஆக, நாற்பதைத் தாண்டியதால்தான் தொப்பை என்று நான் சொல்லிவந்த சாக்கும் போயிற்று.

ஒரு பெரிய குறை: பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறக்கூடாது. அது கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் உண்டு. அவர் ஆசையாக ஒரு காலைத் தூக்கியபோதுதான் நான் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இப்போது ஞாயிறு காலை ஒரு தடவை மட்டும், பாத்ரூம் போய்வந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறுகிறேன். அப்படிப் பார்த்தால் எண்கள் அவ்வளவாகக் குதிப்பதில்லை. தட்டுக்கு 4 நட்சத்திரம், ஆப்புக்கு 1. கோட்டையைச் சுற்றி நான்கு மாதம் நடந்ததில் 74 இப்போது 72.8, கொழுப்பு 29 இப்போது 27, பிஎம்ஆர் 1518. பதின்மூன்று கலோரி கூடியிருக்கிறது. போன வாரம் ஆர்க்காட்டிலிருந்து வந்த மக்கன் பேடாவில் முதல் கடியிலேயே அது போய்விட்டது.