ஈசூனில் மூன்று வாரம், சின் மிங்கில் இரண்டு நடை

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் அப்பா காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் முதலில் கண்ணில் பட்டது கூரையில் இருந்த கறுப்பு டேப்தான். திறந்து மூடும் சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டு அடுக்கு ஒட்டியிருந்தார். "மழை இறங்குதுப்பா, அதான்" என்றார். கதவைத் திறந்தால் நனைந்த சாக்கு வாடை. பெர்த்திலிருந்து ஐந்து மணி நேரம் பறந்து வந்த களைப்பில் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை ஈசூனில், அப்பா வீட்டுக்குக் கீழே, இடதுபக்க முன்சீட்டின் கால்மாட்டில் கையை வைத்துப் பார்த்தேன். கார்ப்பெட்டைப் பிழியலாம் போல அவ்வளவு ஈரம்.

கார் 2011இல் பதிவானது. சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்று, பத்து வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு காரைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் காசு கட்டி ஐந்தோ பத்தோ வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் பார்ஃப் தள்ளுபடி, அதாவது பத்து வருடத்துக்குள் காரைக் கழித்தால் அரசு திருப்பித் தரும் தொகை, போய்விடும். வருடா வருடம் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சாலை வரியும் ஏறிக்கொண்டே போய், பதினான்கு வயதைத் தாண்டினால் 50 விழுக்காடு கூடுதலாகிவிடும். இவ்வளவும் தெரிந்துதான் அப்பா 2021இல் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தார். முட்டிவலியோடு ஏறி இறங்க அம்மாவுக்கு அந்த சீட்டின் உயரம் பழகிவிட்டது. வாங்கிய புதிதில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலிருந்து திரும்பும்போதெல்லாம் "கூரையைத் திறங்க" என்று கேட்டதும் அம்மாதான்.

முதலில் போன பட்டறையில் டேப்பைப் பிரித்து சுவிட்சை அழுத்தினார்கள். கண்ணாடி பாதி தூரம் கோணலாக வந்து, தானே திரும்பிப் போனது. செட்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். கண்ணாடி ஓடும் தண்டவாளம் (ரயில்), மோட்டார், சுற்றுச்சட்டம் எல்லாம் சேர்த்து 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சாமான் வர ஆறு வாரம். ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றிப் பார்க்காமல் தொகை சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா பேசாமல் புது டேப் வாங்கிக்கொண்டார். அவர் அப்படி வாங்கியதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அத்தை மகன் கைகாட்டிவிட்டது சின் மிங் ஆட்டோசிட்டியில் இருக்கும் ஒரு சின்னப் பட்டறை. முதலாளி வயதான சீனர். எங்கள் காரைப் பார்த்தது மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வரும் ஒரு தமிழ்த் தம்பி. காரைத் தொடுவதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி: "அங்கிள், ராத்திரி எங்க பார்க் பண்றீங்க?"

"புளோக்குக்குக் கீழதான். மரத்தடியில."

"என்ன மரம்?"

தூங்குமூஞ்சி மரம். சிங்கப்பூர் முழுக்க நிழல் தருகிற அதே மரம்தான். அதன் இலை விரல்நகம் அளவு சின்னது, எந்த இடுக்கிலும் புகுந்துவிடும்.

அப்புறம் அவர் விளக்கியதை எல்லாருக்கும் சொல்லியே ஆக வேண்டும். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காக வைத்ததில்லை. கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கிறது, அதன் நான்கு மூலையிலும் ஒவ்வொரு குழாய். முன்பக்கக் குழாய்கள் முன்கண்ணாடியோரத் தூண் வழியாகவும், பின்பக்கம் இருப்பவை பின்தூண் வழியாகவும் இறங்கித் தண்ணீரைக் காருக்கு வெளியே விட்டுவிடும். குழாய் அடைத்தால் வாய்க்கால் நிரம்பிக் கூரைத் துணிக்குள் வழியும். அப்பா ஒட்டிய டேப், ரப்பரை மாற்றும் செலவு, இரண்டுமே தவறான இடத்தில் போடும் காசு.

ஒரு மினரல் வாட்டர் பாட்டிலை எடுத்து ஒவ்வொரு மூலையிலும் மெதுவாகச் சரித்தார். நான் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மூலைக்கும் கீழே சொட்டு விழுந்தது. முன் இடதுமூலையில் தண்ணீர் அப்படியே தேங்கி நின்றது. புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் கம்பியின் நுனியை நெருப்பில் காட்டி உருட்டி, வளைத்து வளைத்து உள்ளே விட்டார். காற்றடித்தால் குழாய் இணைப்பு கழன்றுவிடும், அப்புறம் கூரைத் துணியையே இறக்க வேண்டிவரும் என்று அந்த வேலையை அவர் செய்யவில்லை. நாலைந்து இழுப்புக்குப் பிறகு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் 'களுக்'கென்று கறுப்புச் சேறு விழுந்தது. தேயிலைச் சக்கை மாதிரி மக்கிய இலை. அதற்குப் பின்னால் தண்ணீர் தெளிந்து வந்தது. அப்பா தானாகக் குனிந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

கண்ணாடி மூடாததற்குக் காரணம் வேறு. ரயிலில் ஓடும் பிளாஸ்டிக் துண்டு ஒரு பக்கம் வெடித்திருந்தது. கண்ணாடி கோணிக்கொண்டு சிக்கியதும், விரல் நசுங்கக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு வேலை செய்து மோட்டார் பின்வாங்கியிருக்கிறது. மோட்டாரில் பழுதே இல்லை. அந்தத் துண்டு தனியாகக் கடையில் கிடைக்காது. ஸ்க்ராப் யார்டில் இதே மாடலைத் தேடி எடுத்தார்கள். பத்து வருடத்தில் நல்ல கார்களையே கழித்துப்போடும் ஊர் என்பதால் இங்கே பழைய சாமான் நல்ல நிலையில் கிடைக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்றார்கள், நான்கு நாள் ஆனது. நாமாகக் கூப்பிட்டால்தான் தகவல். ரசீதும் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வைத்திருந்தார் அந்தத் தம்பி. வெடித்த துண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அப்பா கையில் கொடுத்தார். பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதிது தடவி, ரப்பருக்கு சிலிக்கோன் கிரீஸ் போட்டு, கார்ப்பெட்டைத் தூக்கிக் காயவைத்து, கடைசியில் சுவிட்சை அழுத்திப் பிடித்து மோட்டாருக்கு அதன் எல்லையை மறுபடியும் பழக்கிவிட்டார். மொத்தம் 420 வெள்ளி, பேநவ்வில் (கைபேசி வழிப் பணமாற்று) அப்பா கட்டினார். விடுமுறைக்கு வந்து இப்படி வேலை வைத்திருப்பவர்கள் வந்திறங்கிய முதல் வாரமே காரை விட்டுவிடுங்கள். சீனப் புத்தாண்டு நெருங்கினால் பட்டறைகளில் கூட்டம், அப்புறம் சில நாள் அடைப்பு.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை மழை விட்டிருந்தது. ஈஸ்ட் கோஸ்ட்டிலிருந்து திரும்பும் வழியில் அப்பா எதுவும் சொல்லாமல் கூரையைத் திறந்தார். அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே வந்தார்.

மரத்தடியை விட்டு அப்பா நகர்வதாக இல்லை. வெயிலில் நின்றால் அம்மாவுக்கு சீட் சுடுமாம். சரி என்று இரண்டு மீட்டர் நைலான் கம்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாதப் பிறப்பானால் பெர்த்துக்கு ஒரு வாட்ஸ்அப் படம் வருகிறது: முன்சக்கரம், அதன் பக்கத்தில் ஈரத் தரையில் ஒரு சொட்டு.