இறக்கிய காருக்கு முன்னே ஒரு அளவு, பின்னே ஒரு அளவு: திருநெல்வேலிச் சாலைகளில் 41,000 கிலோமீட்டர்

2021இல் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய பிஎம்டபிள்யூ இசட்4 வாங்கி வந்தேன். 2011 மாடல். இரண்டே சீட், மடங்கும் கூரை, 3 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின், 306 குதிரைத்திறன், அத்தனையும் பின் சக்கரங்களுக்கு மட்டும். எனக்கு வீடு பாளையங்கோட்டையில், கடை பேட்டையில், கொஞ்சம் வாழைத்தோட்டம் களக்காட்டுப் பக்கம். இந்த மூன்றுக்கும் நடுவில் ஓடுகிறவனுக்கு இந்தக் கார் எதற்கு என்று எங்கள் சொந்தத்தில் கேட்காத ஆள் இல்லை. முதல் நாள் வந்து பார்த்த மாமா வாசலில் நின்றபடியே, “ஏல, இதுல ஏறணுமா, இறங்கணுமா?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங் மாற்றி 30 மில்லிமீட்டர் இறக்கியிருந்தார். போதாததற்கு 19 அங்குல அலாய் ரிம். டயர் முன்னால் 225/35, பின்னால் 255/30. படத்தில் பார்த்தால் அள்ளிக்கொண்டு போகும். அந்தப் படத்துக்காகத்தான் நானும் அட்வான்ஸ் கொடுத்தேன், மறைக்கவில்லை.

முன்னே குறுகல், பின்னே அகலம் என்று போடுவதைத்தான் ஸ்டேகர்டு என்கிறார்கள். இது யாரோ கடைக்காரர் கண்டுபிடித்த ஸ்டைல் இல்லை, இந்தக் காருக்குக் கம்பெனியே தரும் அமைப்பு. பின் சக்கரம் இழுக்கும் வண்டி, பலம் முழுக்க அங்கே இறங்குகிறது, அதனால் அங்கே ரப்பர் அகலமாக இருக்கிறது. முன் சக்கரம் குறுகலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வளைவில் அவசரப்பட்டால் பின்பக்கம் சுழன்று விடுவதற்கு முன்பே மூக்கு வெளியே நழுவ ஆரம்பிக்கும். அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், கார் பிடிக்குள் வந்துவிடும். சாதாரண ஓட்டுநருக்கு அதுதான் பத்திரம்.

டயரில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பணம் மிச்சம். 255/30 என்றால் அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 30 சதவீதம், அதாவது 76.5 மில்லிமீட்டர். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நாலு விரல் அகலம்தான் ரப்பர். இதே காருக்குக் கம்பெனி சொல்லும் 18 அங்குல அளவு முன்னால் 225/40, பின்னால் 255/35. பக்கச்சுவர் முறையே 90, 89 மில்லிமீட்டர். 17 அங்குலத்தில் நாலு சக்கரத்துக்கும் ஒரே 225/45, பக்கச்சுவர் 101. மொத்த விட்டம் எல்லாவற்றிலும் 634 முதல் 640 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். ஆக, ரிம்மில் ஒரு அங்குலம் ஏற்றுகிறோம் என்றால் அதை ரப்பரிலிருந்துதான் பிடுங்குகிறோம்.

முதல் வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாகர்கோவில் நாலுவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டிவிட்டால் கார் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும். ஒரே எரிச்சல், லாரி ஓடி ஓடிக் குழிந்த இடது தடத்தில் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். அகல டயர் ரோட்டின் பள்ளத்தைத் தேடிப் போய் உட்காரும். ஆடி மாதத்தில் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்க, கீழே தடமும் இழுக்க, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். தாழ்ந்த கார் என்பதால் காற்று அவ்வளவு ஆட்டவில்லை, டயர்தான் ஆட்டியது. இது எனக்குப் புரிய ஒரு சீசன் ஆனது.

13,000 கிலோமீட்டரில் முதல் பாடம். பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் வண்டியைத் தூக்கியதும் கடைத்தம்பி பின் டயருக்கு உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். “அண்ணாச்சி, இங்கன கைய வச்சுப் பாருங்க” என்றார். வெளிப்பக்கம் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, நன்றாக இருந்தது, 5 மில்லிமீட்டர் தேறும். உள் ஓரத்தில் விரலில் குத்தியது கம்பி. ரப்பர் மொத்தமும் போய், எஃகு இழை பல் துலக்கும் பிரஷ் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டு பார்த்தால் எதுவும் தெரியாது, காரும் தரையோடு தரையாக இருக்கிறது. அந்த டயரில் முந்தின வாரம்தான் மதுரை போய் வந்திருந்தேன்.

காரணம் டயர் இல்லை, இறக்கியதுதான். ஸ்பிரிங் தாழ்ந்தால் பின் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும். இதைக் கேம்பர் என்கிறார்கள். என் காரில் பின் இடது சக்கரம் கிட்டத்தட்ட 3 டிகிரி சாய்ந்திருந்தது. ஆனால் எல்லாரும் கேம்பரையே திட்டுகிறார்கள், உண்மையான கள்ளன் டோ. சக்கரம் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் கோணலாகப் பார்த்தால், ஓடுகிற ஒவ்வொரு மீட்டரும் ரப்பரைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகும். சாய்வும் கோணலும் சேர்ந்தால் தேய்மானம் முழுக்க உள் ஓரத்தில் விழும். அகலம் கூடக் கூட இது மோசம். அகல டயர் சாய்ந்து நின்றால் தரையில் பதிவது அதன் ஒரு ஓரம்தான். 255 வாங்கி 150க்கு ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம்.

இன்னொன்று, எல்லா அளவும் ஒன்றாக இருந்தால் தேயத் தேய முன்னும் பின்னும் மாற்றிப் போடலாம். ஸ்டேகர்டில் அது கிடையாது. என் டயர் ஒரே திசையில் சுழல வேண்டிய வகை, அதனால் இடம் வலம் மாற்றவும் வழியில்லை. பின் ஜோடி முன் ஜோடியில் பாதி ஆயுள்தான் தரும் என்று கணக்கில் எழுதிக்கொண்டேதான் இந்தப் பக்கம் வர வேண்டும்.

புது ஜோடி போட்டேன், அலைன்மென்ட் பார்த்தேன், ஓட்டினேன். அப்புறம் 2023 டிசம்பர் வந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து போனது. கார் எங்கள் வீட்டு மேட்டில் தப்பித்துவிட்டது. தப்பாதது ரோடு. வெள்ளம் வடிந்த பிறகு எந்தத் தண்ணீர் தேங்கலுக்கு அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. ஜனவரியில் களக்காடு போகும் வழியில், சேற்றுத் தண்ணீர் நிரம்பிய ஒரு குழியில் முன் வலது சக்கரம் இறங்கியது, பின்னாலேயே பின் வலதும். சத்தம் கேட்டதும் பல்லைக் கடித்தேன். காற்று இறங்கவில்லை, அப்பாடா என்று வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் கழுவும்போதுதான் கையில் தட்டியது: பின் டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம், முன் டயரில் சின்னதாக இன்னொன்று. உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே இருப்பது வெறும் ரப்பர் தோல். அதற்கு ஒட்டு, மருந்து எதுவும் கிடையாது, குப்பைக்குத்தான் போகும். ரிம்மின் உள் விளிம்பும் நெளிந்திருந்தது.

அன்றைக்கு முடிவு செய்தேன், 19 வேண்டாம். பழைய 18 அங்குல ரிம் ஒரு செட் சென்னையில் கிடைத்தது. டயர் கிடைக்கவில்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து இந்த மாதிரி அரிய அளவுகளுக்கு நிறையவே காத்திருக்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலையே இருக்கிறது, ஏற்றுமதி எல்லாம் உண்டு, என்ன, அவர்கள் செய்வது டிராக்டருக்கும் பொக்லைன் மாதிரி வண்டிகளுக்கும்.

முன் 225/40 உடனே வந்தது. பின்னுக்கு 255/35 வர ஒன்றரை மாதம் என்றார்கள். கடைக்காரர், “245/40 ரெடியா இருக்கு, போட்டுக்கிடுங்க, பத்து மில்லிமீட்டர்ல என்ன வந்துரப் போகுது” என்றார். எனக்கும் அவசரம், சரி என்றேன். என் தப்புதான், வீட்டில் கால்குலேட்டர் இருந்தது.

அகலத்தில் பத்து மில்லிமீட்டர் குறைந்தது உண்மை. உயரத்தைப் பார்க்கவில்லை. 245இல் 40 சதவீதம் 98 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 653 ஆகிவிடும். முன் டயர் 637. ஒரு கிலோமீட்டர் போவதற்கு முன் சக்கரம் ஏறக்குறைய 500 முறை சுற்றும், பின் சக்கரம் 487தான் சுற்றும். ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சறுக்குகிறதா, காற்று இறங்குகிறதா என்று கார் முடிவு செய்கிறது. முன்னும் பின்னும் நிரந்தரமாக இரண்டரை சதவீதம் வித்தியாசம் என்றால் அதற்குக் குழப்பம் வரத்தானே செய்யும்? சறுக்கல் தடுப்பு விளக்கு அடிக்கடி மினுங்கியது. அம்பாசமுத்திரம் சாலையில் ஒரு வளைவில் சறுக்கவே இல்லை, தானாகப் பவரைக் குறைத்தது. இறக்கிய கார் வேறா, பின் மட்கார்டின் உள் விளிம்பு வேகத்தடையில் டயரை உரசி ரப்பர் தீயும் வாசனை வந்தது. ஒரு மாதம் பொறுத்தேன். 255/35 வந்ததும் கழற்றி, நஷ்டத்துக்கு விற்றேன்.

ஆகவே அளவு தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது முன், பின் விட்ட வித்தியாசம். 225/40க்கும் 255/35க்கும் நடுவே அது 1.5 மில்லிமீட்டர்தான். அடுத்தது பக்கச்சுவர். அகலம் கடைசியில்தான். டிரைவர் கதவுத் தூணில் கம்பெனி ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இல்லாத அளவுக்கு நான் இனி போகமாட்டேன். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, இன்சூரன்ஸ் என்று பின்னால் வரும் கேள்விகளும் அதோடு தீர்ந்துவிடும். லோடு இண்டெக்ஸையும் விடக் கூடாது. பின் டயரில் 94 என்று இருந்தால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 90 என்றால் 600. தயாரித்த தேதியும் பக்கச்சுவரிலேயே இருக்கிறது, கடைசி நாலு இலக்கம். 2219 என்றால் 2019ஆம் வருஷம் 22ஆவது வாரம். எனக்கு ‘புது ஸ்டாக்’ என்று நீட்டியதில் ஒன்று அப்படித்தான் இருந்தது.

18க்கு வந்ததோடு 30 மில்லிமீட்டர் ஸ்பிரிங்கையும் கழற்றி, 15 மில்லிமீட்டர் மட்டும் இறக்குவதைப் போட்டேன். முன்பு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது, இப்போது இரண்டு விரல் நுழைகிறது. கேம்பர் 2 டிகிரிக்கு வந்துவிட்டது, டோவைச் சரிசெய்ய முடிந்தது. இந்த செட்டில் 17,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. பின் டயரில் உள்பக்கம் 3.5, வெளிப்பக்கம் 4 மில்லிமீட்டர் மிச்சம். சட்டம் சொல்லும் கடைசி அளவு 1.6 என்றாலும், குற்றாலச் சாரலில் தென்காசி ரோட்டில் போகிறவன் 3க்குக் கீழே காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. அகல டயர் தண்ணீரை ஒதுக்க அதிகம் பாடுபட வேண்டும், காடி ஆழமில்லை என்றால் தண்ணீர் மேலேயே மிதந்துவிடும். போன ஜூலையில் ஆலங்குளம் தாண்டி ஒரு வினாடி அப்படி மிதந்தது. ஸ்டீயரிங் திடீரென்று எடையே இல்லாமல் ஆனது. ஒரு வினாடிதான்.

காற்றைக் காலையில், வண்டியை எடுக்கும் முன் பார்க்கிறேன். முன் 32 பிஎஸ்ஐ, பின் 35. எங்கள் ஊர் மே மாத வெயிலில் மதியம் பார்த்துவிட்டு, கூடுதலாக இருக்கிறதே என்று இறக்கினால் அவ்வளவுதான். 10 டிகிரி சூட்டுக்கு ஒன்றரை முதல் 2 வரைக்கும் தானாக ஏறும், இரவில் இறங்கிவிடும். பக்கச்சுவர் குட்டையான டயரில் காற்றும் குறைந்தால் அடுத்த குழியில் ரிம்தான் ரோட்டைத் தொடும்.

வேகத்தடை பற்றி ஒரு வார்த்தை. சாலை போடுவதற்கு அளவுகள் வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அதை என் கார் தாண்டிவிடும். ஊருக்குள் கல்யாண வீட்டுக்காரரும் கோயில் கொடைக்காரரும் சேர்ந்து ஒரே ராத்திரியில் போட்ட தடையை எந்த டயரும் தாண்டாது. குறுக்கே ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்க வேண்டும். பின்னால் வரும் பஸ் ஹாரனைக் கண்டுகொள்ளக் கூடாது.

19இல் இருந்த அந்தக் கூர்மை போய்விட்டதா என்றால், கொஞ்சம் போயிருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பு உடனே மூக்கு திரும்பும், இப்போது ஒரு நொடிப்பொழுது யோசித்துத் திரும்புகிறது. அடுத்த முறை பின் ஜோடி தேய்ந்ததும், நாலுக்கும் ஒரே 225/45இல் 17 அங்குலம் போடலாமா என்ற யோசனைகூட இருக்கிறது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை, வண்டி பார்க்கப் பரிதாபமாக இருக்கும் என்கிறான்.

கழற்றிய 19 அங்குல ரிம்கள் நெளிவெடுத்து, மாடியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி வந்து விலை கேட்டான். அவனும் ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறான், அதையும் இறக்கியிருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டேன். களக்காடு என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.